ஒலிபெருக்கி என்னும் சொல்லும் வால்வுக் கருவியும்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மின்கிட்டாருக்கான வால்வுப் பெருக்கிகளைத் திரட்டி, வீட்டு இசையறையில் ஒப்பிட்டுக் கேட்கும் வழக்கம் உலகெங்கும் பரவியுள்ளது. தமிழகத்தின் உள்மாவட்டங்களில் வால்வுப் பெருக்கி முதலில் வீட்டுப் பொருளாக வரவில்லை. வாடகை மைக் செட்டின் உறுப்பாக, ஊர்ப் பொதுவின் குரலாகவே அது வந்தது. இவ்விரு மரபுகளுக்கும் மின்சுற்று ஏறத்தாழ ஒன்றே, நோக்கம் வேறு. அந்த நோக்கத்தைக் கருதாமல் செய்யும் ஒப்பீடும் மாற்றியமைப்பும் வரலாற்றுச் சான்றை அழித்துவிடும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வால்வு, ஒலிபெருக்கி, மைக் செட், மின்கிட்டார், பொருள்சார் பண்பாடு, சேகரிப்பு.

முன்னுரை

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் நெடுங்காலம் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2001இல் பிரிந்த அரியலூர், 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் இறுதியாகத் தனி மாவட்டமாயிற்று. ஆதலின் இவ்வட்டாரத்தின் ஒலிக்கருவி வரலாற்றைத் திருச்சிராப்பள்ளியின் வானொலி வரலாற்றோடு சேர்த்தே நோக்க வேண்டும்.

திருவிழா, திருமணம், காதணி விழா, அரசியல் கூட்டம் ஆகியவற்றின் வழியாக இவ்வட்டார மக்கள் அறிந்த வால்வுப் பெருக்கியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. மேடையில் பேசியவரையும் பாடியவரையும் வரலாறு பதிவு செய்தது. அக்குரலைச் சுமந்த பெட்டியை விட்டுவிட்டது. இவ்விடைவெளியை நிரப்பும் பணியில் இன்று பழைய பெருக்கிகளைத் திரட்டும் தனிமனிதர்களுக்கும் பங்குண்டு.

1. சொல் தரும் சான்று

‘ஒலிபெருக்கி’ என்னும் சொல்லின் நேர்பொருள் ஒலியைப் பெருக்குவது என்பதாகும். எனினும் பொதுவழக்கில் அது கோவில் கோபுரத்திலோ மரக்கிளையிலோ கட்டப்பட்ட கூம்பையே குறிக்கிறது. மின்குறிப்பைப் பெருக்கும் வேலையைச் செய்வது மேடைக்குப் பின்னால் இருக்கும் பெட்டி. தொழில் செய்வோர் அப்பெட்டியை ‘ஆம்ப்ளி’ என்றும், கூம்பைக் ‘குழாய்’ என்றும், கூம்பின் அடியிலுள்ள இயக்கியை ‘யூனிட்’ என்றும் வழங்கினர். கலைச்சொல் ஆக்கியோர் பெட்டிக்குள் ஒளிரும் கண்ணாடிக் குமிழை ‘வெற்றிடக் குழாய்’ என்றனர். தொழிலகத்தில் அது ‘வால்வு’ என்றே நின்றது.

எனவே ‘குழாய்’ என்ற ஒரே சொல், ஏட்டுத் தமிழில் பெருக்கியின் உள்ளுறுப்பையும் பேச்சுத் தமிழில் அதன் வெளிவாயையும் சுட்டுகிறது. இக்குழப்பம் ஒரு வரலாற்று உண்மையை உணர்த்துகிறது. ஊரார் கண்டதும் கேட்டதும் கூம்பை. பெட்டியோ அதை இயக்குபவரின் பொறுப்பில் இருந்தது. கருவியின் உள்ளமைப்பைப் பற்றிய அறிவு சிலரிடம் மட்டுமே தங்கி, எழுத்தில் ஏறாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

2. வானொலியிலிருந்து திருவிழாவுக்கு

1904இல் ஃபிளெமிங் இருமுனை வால்வையும், 1906இல் லீ டி ஃபாரஸ்ட் மும்முனை வால்வையும் அமைத்தனர். சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து புறப்படும் மின்னணுக்கள் நேர்மின்வாயை நோக்கிச் செல்கின்றன. இடையிலுள்ள கம்பிவலையில் தரப்படும் சிறு மின்னழுத்த மாற்றம் அவ்வோட்டத்தைப் பெரிதும் மாற்றுகிறது. வானொலிக்கும் மேடைக்கும் கிட்டாருக்கும் பொதுவான அடிப்படை இதுவே.

சென்னையில் 1924இல் மதராஸ் மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அம்முயற்சி நின்றபின் 1930இல் சென்னை மாநகராட்சி அதனைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16இலும் தொடங்கப்பெற்றன. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளுக்கு அண்மையில் அமைந்த நிலையம் திருச்சிராப்பள்ளியே. வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கக் கற்ற கைகளுக்கு மேடைப் பெருக்கியும் எட்டாத பொருளாக இருக்கவில்லை. இரண்டிலும் மின்வழங்கி, வால்வு, வெளியீட்டு மின்மாற்றி ஆகியவையே அடிப்படை உறுப்புகள்.

இந்திய அளவில் மோட்வானி குடும்பத்தாரின் சிகாகோ ரேடியோ நிறுவனம் விடுதலைப் போராட்டக் காலக் கூட்டங்களுக்கு ஒலியமைப்பு செய்து புகழ்பெற்றது. 1940இல் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் கருவிகளும் பின்னர் நாடெங்கும் பரவின. பெங்களூரில் 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இல் வால்வு உற்பத்தியைத் தொடங்கியது. இதனால் வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்த உறுப்பு ஒன்று உள்நாட்டுப் பொருளாயிற்று. இன்று உலகச் சேகரிப்பாளர் தேடும் ஈ.சி.சி. 83, ஈ.எல். 84 வகைகளை அந்நிறுவனமும் ஆக்கியது.

மின்வசதி எட்டாத ஊர்களில் மின்கலத்தாலோ மின்னாக்கியாலோ பெருக்கியை இயக்க வேண்டியிருந்தது. வண்டியில் ஏற்றிய பெட்டி, மண்சாலையின் அதிர்வையும் கோடை வெப்பத்தையும் தாங்க வேண்டியிருந்தது. இரவெல்லாம் நடக்கும் தெருக்கூத்துக்கும் நாடகத்துக்கும் இடையில் நின்றுவிடாமல் உழைப்பதே அதன் முதற்பண்பாக மதிக்கப்பட்டது. இனிமை அதற்கு அடுத்ததே.

3. ஒரே சுற்று, இரு நோக்கங்கள்

மேலைநாட்டுக் கிட்டார் பெருக்கிகளின் வரலாறும் இதே உறுப்புகளால் ஆனது. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1952இல் பேஸ் கிட்டாருக்கென ‘பேஸ்மேன்’ பெருக்கியை வெளியிட்டது. அதன் 1950களின் இறுதிக்காலச் சுற்றைத் தழுவி, இலண்டனில் ஜிம் மார்ஷலின் கடையினர் 1962இல் தம் முதற்பெருக்கியை உருவாக்கினர். ஜே.டி.எம். 45 எனப் பெயர்பெற்ற அதில், தொடக்கத்தில் 5881 வகை வால்வுகளும் பின்னர் கே.டி. 66 வகை வால்வுகளும் பொருத்தப்பட்டன. ஏறத்தாழ ஒரே சுற்றாயினும் வால்வு, மின்மாற்றி, ஒலிப்பெட்டி ஆகியவை மாறியமையால் ஒலியும் மாறியது. உள்ளூரில் கிடைத்த உறுப்பே ஒலியின் தன்மையைத் தீர்மானித்தது என்பதற்கு இது நல்ல சான்று. அதே நிறுவனம் 1960களில் கிட்டார் பெருக்கியை ஒட்டிய சுற்றையே மேடைப் பேச்சு, பாட்டுக்கான பெருக்கியாகவும் விற்றது என்பது இங்குக் கருதத்தக்கது.

ஆயினும் நோக்கங்கள் எதிரெதிரானவை. மேடைப் பெருக்கி சொல்லைச் சிதையாமல் தொலைவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதில் உருத்திரிபு என்பது குறை. கிட்டார் பெருக்கியிலோ வால்வு அதன் எல்லையைத் தாண்டும்போது எழும் உருத்திரிபே இசையின் பகுதியாகிறது. 1973இல் ரசல் ஹாம் வெளியிட்ட கட்டுரை, மிகைச்சுமையில் வால்வுகளும் டிரான்சிஸ்டர்களும் வெவ்வேறு வகை மேற்சுரங்களை எழுப்புவதாகக் காட்டியது. அது ஒலிப்பதிவுக் கூடத்தின் முன்பெருக்கிகளைப் பற்றிய ஆய்வு. கிட்டார் பெருக்கிக்கு அதனை அப்படியே பொருத்துவது சரியன்று.

கட்டமைப்பிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. கூம்புகளை நீண்ட கம்பியில் இணைக்க மேடைப் பெருக்கியில் 100 வோல்ட் வெளியீடு தரப்பட்டது. 50 வாட் பெருக்கியில் அம்முனைக்கு ஏற்ற சுமை 200 ஓம். கிட்டார் ஒலிப்பெட்டியோ பெரும்பாலும் 4, 8, 16 ஓம் அளவினது. கூம்பு, சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வுகளை மிகக் குறைவாகவே வெளியிடும். கிட்டாரின் தாழ்ந்த தந்தியின் அடிப்படை அதிர்வெண்ணோ 82 ஹெர்ட்ஸ். மின்கிட்டாரின் உணரிக்கு ஏறத்தாழ ஒரு மெகாஓம் உள்ளீட்டு மின்மறுப்பு பொருந்தும். ஒலிவாங்கிக்கென அமைந்த உள்ளீட்டில் அது மிகக் குறைவாக இருந்தால் கிட்டாரின் மேலொலி மங்கும்.

4. கிட்டார் ஒலி வட்டாரத்தை அடைந்த வழி

1970களில் தமிழ்த் திரையிசையில் மின்கிட்டாரின் பங்கு பெருகியது. 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாக அறிமுகமான இளையராஜா கிட்டார் பயின்றவர். அவருடைய இசையில் அக்கருவி தனியிடம் பெற்றது. இசைத்தட்டில் பதிவான அவ்வொலி, வானொலி வழியாகவும் விழாக்களில் கட்டிய கூம்புகள் வழியாகவும் சிற்றூர்களை அடைந்தது. வீட்டில் இசைத்தட்டுக் கருவி வைத்திருக்க இயலாத பெரும்பாலோரின் செவியில் மின்கிட்டார், மேடை வால்வுப் பெருக்கியின் வழியாகவே ஒலித்திருக்க வேண்டும்.

மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயப் பாடற்குழுக்களிலும் கிட்டார் இடம்பெற்றது. வெளிநாட்டுப் பெருக்கிகளை வாங்குவது, 1991க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அரிது. கிடைத்த மேடைப் பெருக்கியின் ஓர் உள்ளீட்டிலேயே கிட்டாரை இணைத்துக்கொள்வது இயல்பான வழியாயிற்று. ஆகவே ‘கிட்டார் பெருக்கி’ என்று பெயர் பெறாத ஒரு பெட்டியும் இவ்வட்டாரத்தின் கிட்டார் வரலாற்றில் இடம்பெறத் தக்கதே.

5. ஒப்பிடும் முறை

சேகரிப்பாளர்கள் இரு பெருக்கிகளை அடுத்தடுத்து இயக்கி, எது சிறந்தது என முடிவு செய்கின்றனர். இம்முறையில் மூன்று பிழைகள் நேரக்கூடும்.

முதலாவது, ஒலியளவைச் சமப்படுத்தாமை. ஒலியின் அளவுக்கேற்பச் செவியின் உணர்வு அதிர்வெண்தோறும் மாறுவதை 1933இல் ஃபிளெட்சரும் மன்சனும் காட்டினர். சற்று உரக்க ஒலிப்பது செறிவாகவும் தெளிவாகவும் தோன்றும். அளவுமானியால் ஒலியைச் சமப்படுத்தாத ஒப்பீடு, கருவியை அளக்காமல் ஒலியளவையே அளக்கிறது. 100 வாட் பெருக்கி 50 வாட் பெருக்கியைவிட இருமடங்கு உரக்க ஒலிக்கும் என்ற எண்ணமும் தவறு. வேறுபாடு 3 டெசிபல் மட்டுமே.

இரண்டாவது, ஒலிப்பெட்டியை மாற்றிவிடுதல். பெருக்கிகள் வேறாக இருக்கும்போது ஒலிப்பெட்டியும் வேறானால், கேட்ட வேறுபாடு எதனால் வந்தது என்று சொல்ல இயலாது. ஒரே பெட்டியில் உரிய ஓம் முனையில் இணைத்து, பெயர் அறியாமல் கேட்பதே நம்பத்தக்கது.

மூன்றாவது, கருவியின் நிலையைக் கருதாமை. வால்வு பல ஆண்டுகள் உழைத்துத் தளர்ந்திருக்கலாம், மின்தேக்கிகள் உலர்ந்திருக்கலாம். அப்போது கேட்பது அக்கருவியின் இயல்பொலியைவிட அதன் முதுமையின் ஒலியே ஆகும். பழைய பெட்டியை நேரடியாக மின்னிணைப்பில் இடுவதும் தீங்கானது. சுமை இணைக்காமல் இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி எரியக்கூடும். இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கி உயிருக்கே இடராகலாம். பயிற்சி பெற்றவர் அல்லாதார் பெட்டியைத் திறத்தல் ஆகாது.

6. சேகரிப்பா, அழிப்பா?

டிரான்சிஸ்டர் பெருக்கிகள் பரவியபின் வால்வுப் பெட்டிகள் பயனற்றவையாயின. எடைமிகுந்த மின்மாற்றிகளின் செம்பும் இரும்பும் பழைய இரும்புக் கடையில் விலைபோகும். ஆதலின் பெட்டி முழுதாகப் பிழைப்பது அரிது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தின. கூம்புகளின் இடத்தைப் பெட்டி ஒலிபெருக்கிகள் பிடித்தன. இந்நிலையில் எஞ்சியவற்றைக் காப்போர் பெரும்பாலும் தனிமனிதர்களே.

அவர்கள் முன் ஒரு தெரிவு உள்ளது. மேடைப் பெருக்கியின் உள்ளீட்டை மாற்றி, 100 வோல்ட் முனையை நீக்கி, மார்ஷலைப் போல ஒலிக்கும் கிட்டார் பெருக்கியாக ஆக்கலாம்; சுற்றின் உறவு அதற்கு இடம் தருகிறது. அவ்வாறு செய்தால் இசையறைக்கு ஓர் இனிய கருவி கிடைக்கும். ஆனால் அந்தப் பெட்டி எப்படிப் பழுதுபார்க்கப்பட்டது, கிடைக்காத உறுப்புக்கு எது மாற்றாக வைக்கப்பட்டது, எந்த ஊரின் பெயர் அதன் மேல் எழுதப்பட்டிருந்தது ஆகிய சான்றுகள் மறையும். வட்டாரத் தொழில்வினைஞரின் அறிவு தாளில் எழுதப்படவில்லை, பற்றவைப்பிலேயே எழுதப்பட்டுள்ளது. அதைப் பெயர்த்தெடுத்தால் மீண்டும் படிக்க வழியில்லை.

பழுதுநீக்கல் கூடாது என்பது இதன் பொருளன்று. இயங்காத பெருக்கி ஒலியைப் பற்றி எதுவும் சொல்லாது. தொடுவதற்கு முன் ஒளிப்படம் எடுத்தல், சுற்றை வரைதல், நீக்கிய உறுப்புகளை ஊரும் நாளும் குறித்துத் தனியே காத்தல், மீளமாற்றத்தக்க மாற்றங்களை மட்டும் செய்தல் ஆகியவை போதுமானவை. கருவியை விற்றவரிடமோ இயக்கியவரிடமோ அதன் வாழ்க்கையைக் கேட்டு எழுதிவைத்தல் இவற்றினும் இன்றியமையாதது. வால்வுக் காலத்தில் தொழில் பயின்றோர் முதுமை எய்திவிட்டனர். கருவியைவிட அவர்தம் நினைவு விரைந்து மறைவது.

முடிவுரை

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் வால்வுப் பெருக்கியின் வரலாறு பொதுவெளியில் தொடங்கியது. வானொலியின் தொழிலறிவும், உள்நாட்டு வால்வு உற்பத்தியும், விழாக்களின் தேவையும் அதனை வளர்த்தன. கிட்டார் பெருக்கியோடு அது மின்சுற்றால் உறவுடையது, நோக்கத்தால் வேறுபட்டது. மேலைநாட்டுக் கிட்டார் ஒலியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் மேடைப் பெருக்கி குறையுடையதாகத் தோன்றும். அது எதற்காக ஆக்கப்பட்டதோ அதனை அளவுகோலாகக் கொண்டால், ஓர் ஊர் முழுவதற்கும் விடியும் வரை குரல் கொடுத்த கருவியாக விளங்கும். ஊர்ப் பொதுவிலிருந்து தனியறைக்குள் வந்துவிட்ட இப்பெட்டிகளை முதலில் பதிவு செய்து, பின்னரே மாற்றுவது சேகரிப்பாளர் கடமை. அப்பதிவுகளை ஆய்வுச் சான்றுகளாக ஏற்றுத் தொகுப்பது கல்விப்புலத்தின் கடமை.