சட்டத்தின் அளவுகோலும் குழந்தையும்

1889-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்னும் சிறுமி, கணவனது பலாத்காரத்தினால் குருதி பெருகி மாண்டாள். அவன் பெயர் ஹரி மோகன் மைத்தி, முப்பதைக் கடந்தவன். 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமோ, மனைவி 10 வயதுக்குட்பட்டிருந்தாலன்றி அதனைப் பலாத்காரமெனக் கொள்ளவில்லை. பூல்மணி அவ்வயதைத் தாண்டியிருந்தாள்! ஆகவே 1890-இல், கொடுங்காயம் விளைத்த குற்றத்துக்காக அவனுக்குக் கிடைத்தது 12 மாதக் கடுங்காவலே. மறு ஆண்டு வயது வரம்பு 12 ஆயிற்று. அதற்கே திலகர் முதலானோர் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தனர்.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகளெனக் கொண்டது. 2019-இல் மிகக் கொடிய குற்றங்களுக்கு மரண தண்டனையும் சேர்ந்தது. ஓராண்டுக் காவலிலிருந்து தூக்குக்கயிறு வரை வந்துவிட்டோம். கடுமையை நான் இகழவில்லை. ஆயினும் குற்றவாளி பெரும்பாலும் குழந்தை நன்கறிந்தவன். சில வேளை மாமனோ, சிற்றப்பனோ. தூக்கு என்றதும் வீட்டார் குழந்தையின் வாயைப் பொத்திவிட மாட்டார்களா?

அதே சட்டத்தின் 35-ஆம் பிரிவு, நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதியவும், இயன்ற வரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்கவும் பணிக்கிறது. தூக்குக்கயிற்றைப் பற்றி எழுந்த பேச்சில் பாதியேனும் இப்பிரிவைப் பற்றி எழவில்லை.