விழுந்தால் தூக்கக்கூடிய வண்டி

சென்னை பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, பிளாக்குகளுக்கு நடுவே ரோடு காலியாக இருக்கும்போது பெண்களுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "விழுந்துட்டா என்னக்கா பண்றது?" வாயால் பதில் சொல்வதில்லை. வண்டியை மெதுவாகத் தரையில் சாய்த்துவிட்டு, தூக்கச் சொல்வேன். முதலில் சாவியைத் திருப்பி என்ஜினை அணைக்க வேண்டும்; இல்லாவிட்டால் தூக்கும் அவசரத்தில் ஆக்ஸிலரேட்டர் திருகி வண்டி பாயும். முதுகை சீட்டுக்குக் கொடுத்து, ஒரு கை ஹேண்டிலிலும் மறு கை பின்கம்பியிலுமாகக் குந்தி, பின்பக்கமாக அடியெடுத்து வைத்தால் எழும்பிவிடும். தூக்கிவிட்டவளுக்குப் பாதி பயம் அங்கேயே போகும்.

தமிழ்நாட்டில் இரண்டு சக்கரம் யார் கைக்கு எப்போது வந்தது என்பதற்கும் இந்தத் தூக்குகிற கணக்குத்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது. தைரியம் அப்புறம்தான்.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவானது. எல்லைக் காவலுக்கு ராணுவம் கேட்டு வாங்கிய வண்டி அது. எடை 160 கிலோவுக்கு மேல். அந்த நாள் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதில் பழகியவர் வேறு வண்டியில் ஏறினால், பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். கீழே போட்டால் நாலு பேரைக் கூப்பிட வேண்டும். பெண்கள் அதில் பின்சீட்டோடு நின்றுவிட்டதில் என்ன ஆச்சரியம்?

பிறகு வந்த வெஸ்பா வகை ஸ்கூட்டர்களில் என்ஜின் வலப்பக்கம் இருக்கும். பாரமும் அந்தப் பக்கமே இழுக்கும். கிளம்பாவிட்டால் வண்டியையே சாய்த்துப் பிடித்து உதைப்பார்கள். அது ஆண்களின் தனி வித்தை.

கணக்கை மாற்றியது 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50. இருவர் உட்காரக்கூடிய மொபெட் அதற்கு முன் இந்தியாவில் கிடையாது. கியர் இல்லை, கிளட்ச் லீவர் இல்லை. பெட்ரோல் தீர்ந்தால் பெடலை மிதித்து வீடு சேரலாம். பால் கேனும் தேங்காய் மூட்டையும் கட்டியவர்கள் அதை மாட்டைப்போல நடத்தினார்கள். என் பார்வையில் அதன் பெருமை வேறு: உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பதியும், சாய்ந்தால் ஒரே ஆள் நிமிர்த்திவிடலாம். விழுவோம் என்று தெரிந்தே வாங்கலாம். 50 சிசிக்குள் கியர் இல்லாத வண்டிக்குப் பதினாறு வயதிலேயே லைசென்ஸ் உண்டு என்பதும் கூடுதல் வசதி.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் கிராமத்துப் பெண்களை சைக்கிளில் ஏற்றியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பக்கபலம். அந்தப் பெண்கள் பலர் ஓட்டியது பார் வைத்த ஆண்கள் சைக்கிள். பிறகு கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் வந்தன: 90களில் ஸ்கூட்டி, அதற்கப்புறம் ஆக்டிவா. 2018 பிப்ரவரியில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் அரசே தரும் திட்டம் சென்னையில் தொடங்கியது. அதற்கு லைசென்ஸ் வேண்டும் என்றதும் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பெண்கள் கூட்டம்.

2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து இங்கே குடியேற்றப்பட்டவர்களுக்கு அந்தத் திட்டச் செய்தி வேறு மாதிரி கேட்டது. வீடு மாறியது; வேலை பழைய இடத்திலேயே இருந்தது. வீட்டுவேலைக்கு நடந்தே போனவர்களுக்கு இப்போது ஒரு வழிக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல். எங்கள் பிளாக்கில் நாற்பதை நெருங்கிய பெண்கள் ஹேண்டில் பிடித்தது அதனால்தான்.

ரோடும் சும்மா இருப்பதில்லை. சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் சாலையில் லாரி சிந்திய மணல் ஓரமாகச் சேரும், மழைக்காலத்தில் சதுப்பு நிலத்துத் தண்ணீர் பள்ளத்தை மறைக்கும். மணலில் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். நானும் அங்கே சறுக்கியிருக்கிறேன்; கண்ணாடி நொறுங்கியது, முழங்கை தேய்ந்தது. 2019 ஏப்ரலில், 125 சிசி வரையிலான புது வண்டிகளில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் அமைப்பாவது இருக்க வேண்டும் என்று விதி வந்தது. தார்ச்சாலையில் நல்ல உதவி. மணலுக்கு அதெல்லாம் தெரியாது.

ஆர்.டி.ஓ.வில் லைசென்ஸுக்கு எட்டுப் போடும்போது கால் ஊன்றினால் ஃபெயில். ரோட்டில் நம்மைக் காப்பாற்றுவது அந்தக் கால்தான். அதனால் எட்டுக்குத் தனியாக, ரோட்டுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் வந்தது. என்னிடம் கற்க வந்து விழுந்தவர்களில் பாதிப்பேர் அப்படியே பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. விடியுமுன்னே ஆபீஸ் கூட்டிப்பெருக்கப் போகிறவர்களும், இரண்டு மூன்று வீட்டு வேலையை மத்தியானத்துக்குள் முடிக்கிறவர்களும்தான் காயம் ஆறுமுன்னே, வளைந்த பிரேக் லீவரை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.