ஊரிலிருந்து திரும்பிய பிறகு காய்ச்சலா? டெங்கி மட்டுமே காரணமாக இருக்காது

டிசம்பர் விடுமுறை வந்தால் சிராங்கூன் சாலையில் பெட்டி வாங்கும் கூட்டம், பயண முகவர் கடைகளில் வரிசை. பொங்கல் வரை ஊருக்குப் போய் வரும் சீசன் இது. சென்னை, திருச்சி விமானங்களில் இடம் கிடைப்பதே கஷ்டம்.

ஊரில் போய் வயல் வரப்பில் நடப்போம், தோப்பில் பாய் விரித்துப் படுப்போம், ஆட்டுக்குட்டியோடு படம் எடுப்போம். திரும்பி வந்து பள்ளியோ வேலையோ தொடங்கி ஒரு வாரம் ஆனபிறகு திடீரென்று காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. வீட்டில் முதலில் வரும் பேச்சு, "டெங்கியா இருக்கும்."

இருக்கலாம். ஆனால் ஊருக்குப் போய் வந்தவர்கள் இன்னொரு நோயையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். தமிழ்நாட்டில் இதை உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சில நாள் மாத்திரையில் சரியாகிவிடும். தாமதமானால் தீவிரச் சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோய்விடும்.

உண்ணிக் காய்ச்சல் என்றால் என்ன?

பெயரைக் கேட்டதும் நாய், மாடு உடம்பில் ஒட்டியிருக்கும் உண்ணிதான் ஞாபகத்துக்கு வரும். இந்த நோயைப் பரப்புவது அது அல்ல. அதற்கு உறவான, அதைவிட மிகச் சிறிய ஒரு சிற்றுண்ணி. அதிலும் அதன் இளம்புழு மட்டும்தான் மனிதரைக் கடிக்கும். அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கடித்தாலும் வலிக்காது. அதனால்தான் "எதுவும் கடிக்கலையே" என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள்.

புல், புதர், வயல் ஓரம், வைக்கோல், எலிகள் நடமாடும் இடம் ஆகியவற்றில் இந்தச் சிற்றுண்ணிகள் இருக்கும். அவற்றின் உமிழ்நீர் வழியாக 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி' எனும் பாக்டீரியா நம் உடம்புக்குள் நுழைகிறது. பெயரின் பின்பகுதி ஜப்பானிய மொழியிலிருந்து வந்தது. கேடு செய்யும் பூச்சி என்பது அதன் பொருள்.

நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அதனால் வீட்டில் நோயாளியைத் தனியாக ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் எவ்வளவு பரவலாக உள்ளது?

நாம் நினைப்பதைவிட அதிகம். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்விக்கழகமும் சேர்ந்து தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் கண்காணித்தன. முடிவுகள் 2025இல் வெளியாயின. கிராமப்புற மக்களில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரையிலானோருக்கு இந்தத் தொற்று ஏற்படுவது தெரியவந்தது. பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை. ஆனால் காய்ச்சல் வந்தவர்களில் சிலரின் நிலைமை மோசமானது, சிலர் உயிரிழந்தனர்.

இது வயல் வேலை செய்பவர்களுக்கு மட்டும் வரும் நோயும் அல்ல. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை உண்ணிக் காய்ச்சல் குறித்து எச்சரித்தபோது, அந்தப் பட்டியலில் வேலூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகியவற்றோடு சென்னையும் இருந்தது.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு புல்லும் புதரும் செழித்து வளரும். குளிர்ந்த மாதங்களில் நோயாளிகளின் எண்ணிக்கை கூடும். நம்முடைய டிசம்பர் விடுமுறையும் பொங்கலும் சரியாக அந்த நேரத்தில்தான் வருகின்றன.

இந்த வட்டாரத்துக்கும் இது புதிதல்ல. 1920களில் மலாயாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இந்தக் காய்ச்சலை மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்தனர். நம் முன்னோரில் பலர் தோட்டத் தொழிலாளர்களாக இருந்த காலம் அது. 1948இல் கோலாலம்பூரில் நடந்த ஆய்வில்தான் குளோராம்ஃபெனிக்கால் எனும் ஆண்டிபயாட்டிக் மருந்து இந்த நோயைக் குணப்படுத்தும் என்பது முதன்முதலில் நிரூபிக்கப்பட்டது. அதற்குமுன் இதற்கென்று மருந்தே இல்லை.

அறிகுறிகள் எப்போது வரும்? எப்படி இருக்கும்?

கடித்த 6 முதல் 21 நாள்களுக்குள் அறிகுறிகள் தெரியத் தொடங்கும். பெரும்பாலும் 10 நாள் போல. அதாவது ஊரில் கடி, சிங்கப்பூரில் காய்ச்சல். குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

பொதுவான அறிகுறிகள்:

• திடீரென்று அதிகக் காய்ச்சல், குளிர் நடுக்கம்
• கடுமையான தலைவலி, தசைவலி
• கழுத்து, அக்குள் அல்லது தொடை இடுக்கில் நெறிகட்டுதல்
• வறட்டு இருமல், குமட்டல், வாந்தி
• சிலருக்கு உடம்பில் மங்கலான சிவப்புத் தடிப்புகள்

இவை எல்லாமே வேறு பல காய்ச்சல்களிலும் வரும். ஆனால் ஒன்று மட்டும் தனி அடையாளம்: கறுப்புப் பொருக்கு.

அந்தக் கறுப்புப் பொருக்கை எங்கே தேடுவது?

சிற்றுண்ணி கடித்த இடத்தில் முதலில் சிறு கொப்புளம் வரும். பிறகு அது நடுவில் கறுத்து, சுற்றிச் சிவந்து, சிகரெட்டால் சுட்ட காயம்போல் ஆகும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாமல் போகும்.

மறைவான, ஈரப்பதமான இடங்களில்தான் அது அதிகம் வரும்: அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பைச் சுற்றி, மார்பகத்தின் கீழ், இடுப்பில் உடை இறுக்கும் இடம், காதுக்குப் பின்னால். கூச்சப்பட்டு அந்த இடங்களைக் காட்டாமல் விட்டால், மருத்துவருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல துப்பு கைநழுவிவிடும்.

குளிக்கும்போது நீங்களே பாருங்கள். முதுகுப் பக்கத்தை நம்பிக்கையான ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்துப் பாருங்கள். குழந்தைகள் என்றால் தலைமுடிக்குள்ளும் பாருங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பொருக்கு எல்லாருக்கும் வராது. அது இல்லை என்பதற்காக இந்த நோய் இல்லை என்று முடிவுசெய்ய முடியாது.

டெங்கியிலிருந்து எப்படி வேறுபடுத்துவது?

வீட்டில் உட்கார்ந்து வேறுபடுத்த முடியாது. இரண்டிலும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, தடிப்பு வரும். இரண்டிலும் ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை குறையலாம்.

ஆனால் சில விவரங்கள் மருத்துவருக்கு உதவும். டெங்கி பெரும்பாலும் கொசு கடித்த 4 முதல் 10 நாள்களுக்குள் வரும். காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் தணியும். டெங்கிச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தும் காய்ச்சல் ஐந்தாறு நாளாக விடாமல் அடித்தால், "வேறு என்ன?" என்று கேட்க வேண்டிய நேரம் அது. மலேரியா, டைஃபாய்டு ஆகியவையும் அந்தப் பட்டியலில் வரும். டைஃபாய்டு வேறு, டைஃபஸ் வேறு. பெயரில் மட்டும்தான் ஒற்றுமை.

காரணம் தெரியும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். டெங்கியாக இருந்தால் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவை ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

சிங்கப்பூர் மருந்தகத்தில் ஒருவர் காய்ச்சலோடு வந்தால், சளிக்காய்ச்சலும் டெங்கியும்தான் முதலில் நினைவுக்கு வரும். பயணத்தைப் பற்றி நீங்கள் சொன்னால்தான் கோணம் மாறும். "இந்தியா போய் வந்தேன்" என்பது மட்டும் போதாது. இப்படிச் சொல்லுங்கள்:

"டாக்டர், நான் தமிழ்நாட்டில் ஒரு கிராமத்தில் இரண்டு வாரம் தங்கினேன். இந்தத் தேதியில் திரும்பினேன். வயலிலும் புல்தரையிலும் நடந்தேன். ஸ்க்ரப் டைஃபஸாக இருக்குமா?"

தேதி, இடம், என்ன செய்தீர்கள் என்ற மூன்று தகவலும் அதில் இருக்கின்றன. பொருக்குபோல் ஏதாவது பார்த்திருந்தால் உடனே காட்டுங்கள்.

ஊர் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இது பொருந்தும். "சாதாரணக் காய்ச்சல்தான், லீவு போட்டால் சம்பளம் போகும்" என்று தங்குவிடுதியில் மாத்திரை போட்டுச் சமாளிக்கும் நண்பர் உங்களுக்கு இருந்தால், அவரை மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். மொழி தயக்கம் இருந்தால் மேலே உள்ள வரிகளை அவருக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள்.

சோதனையும் சிகிச்சையும்

ரத்தத்தில் ஐஜிஎம் எனும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை பரவலாகச் செய்யப்படுகிறது. ஆனால் முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் போதுமான அளவு உருவாகியிருக்காது. நோய் இருந்தும் முடிவு 'இல்லை' என்று வரலாம். பொருக்கிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ மாதிரி எடுத்து பிசிஆர் சோதனையும் செய்யலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள்.

முக்கிய மருந்து டாக்சிசைக்ளின். பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள, விலை குறைந்த ஆண்டிபயாட்டிக். கர்ப்பிணிகளுக்கு அதற்குப் பதில் அசித்ரோமைசின் கொடுப்பது வழக்கம். குழந்தைகளுக்கு எது, எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவுசெய்வார். சரியான மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும்.

வீட்டு அலமாரியில் மிச்சமிருக்கும் அமோக்சிசிலினைப் போட்டுப் பார்க்கலாமா? வேண்டாம். இந்தப் பாக்டீரியா நம் உயிரணுக்களுக்கு உள்ளேயே போய் வாழக்கூடியது. அமோக்சிசிலின் வகை மருந்துகள் இதனிடம் வேலை செய்யாது. "ஆண்டிபயாட்டிக் போட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்" என்ற நம்பிக்கையில் நாள் கடந்துபோவதுதான் ஆபத்து.

தாமதித்தால் என்ன ஆகும்?

பாக்டீரியா ரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. ரத்தக்குழாய் இல்லாத உறுப்பு ஏது? அதனால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று எதுவும் பாதிக்கப்படலாம். பழைய பதிவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்றின்படி, சிகிச்சை பெறாதவர்களின் இறப்பு விகிதம் சுமார் 6 விழுக்காடு. இடத்துக்கு இடம் அது பெரிதும் மாறுபட்டது.

கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான சிகிச்சையிலும் முன்னேற்றம் உண்டு. அந்த ஆய்வும் வேலூர் மருத்துவர்கள் முன்னின்று நடத்தியதுதான். இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் 794 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான அது, டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் அதிகம் என்று காட்டியது. இறப்பு, தொடரும் காய்ச்சல், உறுப்புப் பாதிப்பு மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஒரே மருந்து பெற்றவர்களில் அது 47, 48 விழுக்காடு. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 விழுக்காடு. ஆனால் இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சீக்கிரம் வருவதற்கு அது ஈடாகாது.

உடனே 995 அழைக்க வேண்டிய அறிகுறிகள்: மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம், வலிப்பு. சிறுநீர் மிகவும் குறைந்தாலோ எழுந்து நிற்க முடியாத அளவுக்குச் சோர்வு வந்தாலோ, மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நிஜமான உண்ணியே கடித்துவிட்டால்?

கண்ணுக்குத் தெரியும் பெரிய உண்ணியும் நோய் பரப்பும். கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957இல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் அப்படிப்பட்டது. குரங்குகள் இறந்துகிடக்கும் காட்டுப் பகுதிக்குள் போகக் கூடாது என்று அங்கே எச்சரிப்பதற்குக் காரணம் அதுதான். அது வைரஸ் நோய் என்பதால் ஆண்டிபயாட்டிக் உதவாது.

உண்ணி தோலில் ஒட்டியிருந்தால்:

• நுனி கூர்மையான இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள்.
• மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது, விரலால் நசுக்குவது எதுவும் வேண்டாம்.
• கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள்.

ஊரில் இருக்கும்போது என்ன செய்யலாம்?

இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் தடுக்கும் வழிகள் எளியவை.

• புல்லில், வைக்கோலில் வெறும் உடம்போடு உட்காராதீர்கள், படுக்காதீர்கள். பாய்கூட மெல்லியதாக இருந்தால் போதாது, கட்டில் நல்லது.
• வயல், தோப்புப் பக்கம் போனால் முழுக்கால் சட்டை, காலுறை, மூடிய காலணி.
• டீட் கலந்த பூச்சி விரட்டியைப் பூசிக்கொள்ளுங்கள். இங்கிருந்தே வாங்கிப் போகலாம்.
• துவைத்த துணியைப் புதர்மேலும் புல்மேலும் காயப்போடாதீர்கள். கொடியில் போடுங்கள்.
• வெளியே போய் வந்ததும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து, உடை மாற்றுங்கள். சிற்றுண்ணி உடம்பில் ஏறியவுடன் கடிப்பதில்லை. தேய்த்துக் குளித்தால் போய்விடும்.
• வீட்டைச் சுற்றிப் புதர் மண்டாமலும் எலி சேராமலும் பார்த்துக்கொள்வது நீண்டகாலத்துக்கு உதவும்.

கடைசியாக ஒன்று

நாம் இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிடுவோம். தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா எல்லாரும் அதே வயலில், அதே வரப்பில்தான் ஆண்டு முழுவதும் நடக்கிறார்கள். "சும்மா காய்ச்சல்தான்பா, கஷாயம் குடிச்சாச்சு" என்று அவர்கள் போனில் சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள்: "எத்தனை நாளா அடிக்குது? உடம்புல எங்கேயாவது கறுப்பா பொருக்கு இருக்கா?"

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டியிருந்தால், ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். கறுப்புப் பொருக்கு இருந்தால் மூன்று நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போகச் சொல்லுங்கள்.