ஜிங்க் சல்பேட் வெயிலில் மாவாகிவிட்டதா? கொட்டிவிடாதீர்கள்!

அக்னி நட்சத்திர நாட்களில் பல்லாவரத்தை ஒட்டிய மீனம்பாக்கத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். படப்பை, செங்கல்பட்டு பக்கம் தகரக் கொட்டகைக்குள் சூடு இன்னும் அதிகம். சொர்ணவாரி நடவுக்கு வாங்கி, பிரித்து வைத்த ஜிங்க் சல்பேட் அந்தச் சூட்டில் பளபளப்பு இழந்து வெள்ளை மாவாகியிருக்கலாம். அது கெட்டுப்போகவில்லை.

மாறுவது என்ன?

படிகமாக இருக்கும் ஜிங்க் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட்டின் எடையில் சுமார் 44 சதவீதம் தண்ணீர்தான். தொட்டால் ஈரம் தெரியாது. ஏழு பங்கு நீரில் ஒரு பங்கு 39 டிகிரி வாக்கிலேயே வெளியேறத் தொடங்கும். 70 டிகிரியைத் தாண்டினால் ஒரு பங்குதான் மிஞ்சும். துத்தநாகச் சத்து எங்கும் போகாது, எடைதான் குறையும்.

மூட்டையைப் படித்து வாங்குங்கள்

கடையில் இரண்டு வகை உண்டு. ஹெப்டாஹைட்ரேட்டில் துத்தநாகம் 21 சதவீதம். நீர் குறைந்த மோனோஹைட்ரேட்டில் 33 சதவீதம். நெல்லுக்கு ஏக்கருக்கு முதல் வகை 10 கிலோ என்றால், இரண்டாம் வகை 6.4 கிலோ போதும். விலையையும் இந்தக் கணக்கில் ஒப்பிடுங்கள். 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, நடவுக்குச் சற்று முன் தூவுங்கள். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட்டுடன் கலக்க வேண்டாம்.

தெளிப்பில் கவனம்

இலைவழித் தெளிப்புக்கு 10 லிட்டர் நீருக்கு ஹெப்டாஹைட்ரேட் 50 கிராம், யூரியா 100 கிராம். மோனோஹைட்ரேட் என்றால் 32 கிராம்தான். மாவாகிப்போனதில் எவ்வளவு நீர் மிச்சம் என்று கண்ணால் சொல்ல முடியாது. அதையும் 50 கிராம் போட்டால் கரைசல் கடுமையாகி இலை கருகலாம். எனவே மாவானதை மண்ணில் இடுங்கள். தெளிக்கப் புதிய பாக்கெட்டைப் பிரியுங்கள்.

அன்னபேதி விதிவிலக்கு

பச்சை அன்னபேதி வெளுத்தால் நீர் போயிருக்கிறது என்று பொருள். பழுப்பாக மாறினால் காற்றுபட்டு இரும்பே வேறு வடிவமாகிவிட்டது. பயிர் அதை எளிதில் எடுக்காது. அதைத் தெளிக்காதீர்கள்.

இருப்பு வைக்க

வாயை இறுகக் கட்டி, தரையில் படாமல் பலகை மேல், நிழலில் வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டியானால் உடைத்து மண்ணில் இடலாம்.