பயிர் ரக உரிமை

புதிய பயிர் ரகத்தை உருவாக்கியவருக்கும், பழைய ரகத்தைக் காத்துவந்த உழவருக்கும் சட்டம் வழங்கும் அறிவுசார் சொத்துரிமை பயிர் ரக உரிமை. நூலுக்குப் பதிப்புரிமையும் வணிகப் பெயருக்கு வணிகக்குறியும் தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடும் இருப்பதுபோல, விதைக்கு இது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் செடிகளுக்கும் விதைகளுக்கும் காப்புரிமை தருவதில்லை.

காவிரிப் படுகையில் விதைநெல் நெடுங்காலம் எவருக்கும் தனியுடைமையாக இருந்ததில்லை. விளைச்சலில் நல்ல மணியைத் தனியே எடுத்துக் காயவைத்து, வைக்கோலால் கோட்டை கட்டி, அடுத்த பட்டத்துக்கு விதைப்பதும் அக்கம்பக்கத்தில் மாற்றிக்கொள்வதும் வழக்கம். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் ஆகிய மரபு நெல் ரகங்கள் இப்படியே நிலைத்தன. 1922இல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஆடுதுறை ரகங்களையும் உழவர்கள் தடையின்றிப் பெருக்கிக்கொண்டனர்.

1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம், பயிர் ரகங்களுக்குக் காப்புரிமையோ தனிச்சட்டமோ வேண்டும் என்றது. 1997இல் அமெரிக்காவின் ரைஸ்டெக் நிறுவனம் பாசுமதி அரிசி தொடர்பாகக் காப்புரிமை பெற்றது. இந்தியாவின் எதிர்ப்பால் அதன் பெரும்பகுதி பின்னர் நீங்கியது. தனிச்சட்ட வழியைத் தேர்ந்த இந்தியா, 2001இல் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதற்கான ஆணையம் 2005இல் டெல்லியில் அமைந்தது.

புதிய ரகம் பதிவாக நான்கு தகுதிகள் வேண்டும்: புதுமை, பிற ரகங்களிலிருந்து வேறுபாடு, பயிர் முழுதும் ஒரே சீர், தலைமுறை மாறினாலும் குணம் மாறாமை. நெல் போன்ற பயிர்களுக்கு உரிமை 15 ஆண்டுகள்; மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டுகள். உழவர் காத்துவந்த ரகத்தையும் பதிவு செய்யலாம்.

சட்டத்தின் 39ஆம் பிரிவு, பதிவான ரகமானாலும் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்டு, முத்திரை விதையாக விற்பதற்கு மட்டும் தடை உண்டு. 170க்கும் மேற்பட்ட மரபு ரகங்களை மீட்ட திருவாரூர் மாவட்டத்து 'நெல்' ஜெயராமன், நெல் திருவிழாவில் 2 கிலோ விதை கொடுத்து, மறுஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெற்றார். இத்தகைய பரிமாற்றம் சட்டம் காக்கும் உரிமைக்குள் அடங்கும்.

2019இல் பெப்சிகோ நிறுவனம், தான் பதிவு செய்த எஃப்.எல். 2027 உருளைக்கிழங்கைப் பயிரிட்டதாகக் குஜராத் உழவர்கள் மீது வழக்குத் தொடுத்து, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெற்றது. 2021இல் ஆணையம் அந்தப் பதிவை நீக்கியது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்த நீக்கத்தை ரத்து செய்தது. எனினும் 39ஆம் பிரிவு உழவருக்கு அளித்த உரிமை மாறவில்லை.