வொர்க்கிங் ஹாலிடே விசா: யாருக்கு ஹாலிடே, யாருக்கு வொர்க்கிங்?

இந்த எபிசோட்ல ஒரு விசாவோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். விசாவுக்கு என்ன பெரிய வரலாறுன்னு தோணலாம். ஆனா ஒரு நாடு தன் வாசல்ல யாரை நிறுத்தி வைக்குது, யாரை "வாங்க வாங்க"ன்னு உள்ளே விடுதுன்னு தெரிஞ்சுக்கணும்னா, அந்த நாட்டோட விசா விதிகளைப் படிச்சாலே போதும்.

முதல்ல ஒரு கணக்கு. 2024 அக்டோபர் 1ஆம் தேதி, இந்தியர்களுக்கான வொர்க் அண்ட் ஹாலிடே விசாவுக்கு ஆஸ்திரேலியா முதல்முறையாகப் பதிவைத் திறந்தது. மொத்தம் 1,000 இடங்கள். முதல் 2 வாரங்களிலேயே சுமார் 40,000 பேர் பதிவு செய்துவிட்டார்கள். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர், நம்ம காசுக்கு சுமார் 1,400 ரூபாய். ஆட்களைக் கணினிக் குலுக்கல்தான் தேர்ந்தெடுக்கும். குலுக்கலில் பெயர் வந்தாலும் கையில் விசா வந்துவிடாது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் உரிமை மட்டும்தான் வரும்.

அதே மாதத்தில் லண்டனில் இருக்கும் 33 வயது பிரிட்டிஷ்காரர் ஒருவர் இதே மாதிரி விசாவுக்கு விண்ணப்பிக்கிறார்னு வெச்சுக்குங்க. அவருக்குக் குலுக்கல் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது, பட்டப்படிப்பு பற்றிய கேள்வியும் கிடையாது. 35 வயது வரை அவருக்கு வாசல் திறந்திருக்கு. நமக்கு 30ஓட சரி.

ஏன் இந்த வித்தியாசம்? அதுதான் இன்னைக்கு நம்ம கேள்வி.

கதை நேட்டாலில் தொடங்குகிறது

ஆஸ்திரேலியாவைப் புரிந்துகொள்ள முதலில் தென்னாப்பிரிக்காவுக்குப் போகணும். 1860 நவம்பர் 16ஆம் தேதி, மெட்ராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் இருந்தவர்கள் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். தமிழர்களும் தெலுங்கர்களும் அதில் நிறையப் பேர்.

அவர்களுக்குப் பின்னால் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, வியாபாரம் செய்ய வந்த இந்தியர்களும் இருந்தார்கள். நேட்டாலின் வெள்ளையர்களுக்குப் பிரச்சினை இவர்களிடம்தான். கூலி ஒப்பந்தம் முடிந்தால் திரும்பிப் போவான் என்று ஒரு நம்பிக்கை. கடை போட்டவன் போவானா?

ஆனால் "இந்தியர் வரக் கூடாது" என்று நேரடியாகச் சட்டம் எழுத முடியவில்லை. இந்தியர்களும் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள், அதனால் அப்படி வெளிப்படையாக எழுதுவதை லண்டன் விரும்பவில்லை. அதற்கு நேட்டால் ஒரு வழி கண்டுபிடித்தது. வருகிறவர் ஒரு விண்ணப்பத்தை ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் எழுதிக் காட்ட வேண்டும் என்று 1897இல் சட்டம் போட்டது. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனா யாரைத் தடுக்கணுமோ அவங்களைக் கச்சிதமாத் தடுத்தது. தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதோ 1911 வரை தொடர்ந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்குங்க. வேலை செய்ய வரலாம், ஆனா நீயா விரும்பி வரக் கூடாது. அடுத்த 100 வருஷக் கதை முழுக்க இந்த வரிதான் வேற வேற உடையில வரும்.

50 வார்த்தைத் தேர்வு

1901இல் ஆஸ்திரேலியா ஒரே நாடாக இணைந்தது. புதிய நாடாளுமன்றம் ஆரம்பத்திலேயே இயற்றிய சட்டங்களில் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதற்கு முன்மாதிரி நேட்டால் சட்டம். அதிகாரி 50 வார்த்தைகளைப் படிப்பார், வருகிறவர் அதைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த ஐரோப்பிய மொழி என்பதை முடிவு செய்வது அதிகாரி! உங்களுக்கு ஆங்கிலம் தெரிஞ்சா ஜெர்மனில படிப்பார். ஜெர்மனும் தெரிஞ்சா வேற ஒண்ணு.

இதன் உச்சம் 1934இல் நடந்தது. எகான் கிஷ் என்ற பத்திரிகையாளர், பிராகில் பிறந்தவர், ஹிட்லருக்கு எதிராகப் பேசுகிறவர். போர் எதிர்ப்பு மாநாட்டுக்காக ஆஸ்திரேலியா வந்தவரைக் கப்பலை விட்டு இறங்க விடவில்லை. மெல்போர்னில் அவர் கப்பலிலிருந்து துறைமுக மேடைக்குக் குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். அவருக்குப் பல மொழிகள் தெரியும் என்பதால், தேர்வை ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் வைத்தார்கள். இந்தச் சட்டத்தின்படி அது ஓர் ஐரோப்பிய மொழியே இல்லை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியதாகிவிட்டது. தேர்வு மொழி அறிவைச் சோதிக்க வைக்கப்பட்டது இல்லைங்கறதுக்கு இதைவிட வேற சாட்சி வேணுமா?

1901இல் இன்னொரு சட்டமும் வந்தது. குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்கு 1863இலிருந்து பசிபிக் தீவுகளிலிருந்து சுமார் 62,000 ஒப்பந்தங்களின் பேரில் ஆட்களைக் கொண்டுவந்திருந்தார்கள். சிலரை ஏமாற்றியும் சிலரைக் கடத்தியும் கொண்டுவந்தார்கள். தோட்டம் உருவான பிறகு, அவர்களில் பெரும்பாலானோரைத் திருப்பி அனுப்ப அந்தச் சட்டம் வழிசெய்தது.

அப்போ ஆள் பற்றாக்குறையை எப்படிச் சமாளிச்சாங்க? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து ஆட்களை அழைத்தார்கள். பெரியவர்களுக்குக் கப்பல் கட்டணம் வெறும் 10 பவுண்டு, குழந்தைகளுக்கு இலவசம். மீதியை அரசு கட்டியது. 2 வருஷம் தங்கணும், முன்னாடியே கிளம்பினா அரசு கட்டினதைத் திருப்பிக் கொடுக்கணும். இப்படிப் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ்காரர்கள் வந்தார்கள். 'டென் பவுண்டு பாம்ஸ்' என்று அவர்களுக்குப் பெயர்.

1975

எழுத்துத் தேர்வு 1958இல் ஒழிந்தது. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் மிச்சத்தை 1973இல் விட்லம் அரசு அகற்றியது. 1975இல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது.

அதே 1975இல்தான் வொர்க்கிங் ஹாலிடே திட்டமும் தொடங்கியது. இளைஞர்கள் ஒரு வருஷம் வந்து ஊர் சுற்றலாம், செலவுக்கு நடுவில் வேலை பார்த்துக்கொள்ளலாம். நோக்கம் பண்பாட்டுப் பரிமாற்றம். முதலில் சேர்ந்த நாடுகள் பிரிட்டன், அயர்லாந்து, கனடா.

இதில் சதி எதுவும் தேட வேண்டியதில்லை. "எங்க பசங்க அங்க வரட்டும், உங்க பசங்க இங்க வரட்டும்" என்ற ஏற்பாடு, ஏற்கனவே உறவு இருக்கும் வீடுகளுக்குள் முதலில் நடப்பது இயல்பு. ஆனால் பழைய கதவை எடுத்துவிட்டு, அதே வாசலில் புதுக் கதவு போட்ட மாதிரி ஆகிவிட்டது. 1980இல் ஜப்பான் சேர்ந்தது, ஆசியாவிலிருந்து முதல் நாடு. 1995இல் தென் கொரியா வந்தது.

பிறகு 2000களில் இரண்டாவது வரிசை ஒன்று உருவானது. பழைய விசாவின் எண் 417. புதியதின் எண் 462. பெயரிலும் சின்ன மாற்றம், இது 'வொர்க் அண்ட் ஹாலிடே'. 462இல் வருகிற பெரும்பாலான நாடுகளுக்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு, படிப்புத் தகுதியும் உண்டு. இந்தியா இருப்பது இந்த வரிசையில்.

88 நாள்

2005இல் திட்டத்தின் குணமே மாறியது. பண்ணைகளில் அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை. உடனே அரசு ஒரு சலுகை அறிவித்தது. கிராமப் பகுதிகளில் 3 மாதம், அதாவது 88 நாள், குறிப்பிட்ட வேலைகளைச் செய்தால் இரண்டாவது வருஷமும் தங்கலாம். 2019இல் மூன்றாவது வருஷமும் சேர்ந்தது, அதற்கு 6 மாத வேலை. 2012-13இல் ஒரே ஆண்டில் 2.5 லட்சத்துக்கும் அதிகமான விசாக்கள் கொடுக்கப்பட்டன. விடுமுறை என்று ஆரம்பித்தது, பண்ணைகளுக்கு ஆள் சேர்க்கும் வழியாகவும் ஆகிவிட்டது.

பழம் பறிக்கப் போன இளைஞர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு அதற்கு முன்பே ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. 2000 ஜூன் 23ஆம் தேதி, குயின்ஸ்லாந்தின் சில்டர்ஸ் ஊரில் பேக்பேக்கர்கள் தங்கியிருந்த விடுதி தீக்கிரையானது. ஒருவர் வேண்டுமென்றே வைத்த தீ. 15 பேர் இறந்தார்கள். சில்டர்ஸ் இருப்பது பழைய கரும்புப் பகுதியில், ஒரு காலத்தில் தீவுக்காரர்கள் உழைத்த அதே வட்டாரம்.

88 நாள் விதியில் ஒரு சிக்கல் இருந்தது. பண்ணை வேலையைப் பாதியில் விட்டால் அடுத்த விசா போச்சு. அதனால் சம்பளம் குறைந்தாலும் பலர் வாய் திறக்கவில்லை. பறித்த கூடைக்கு இவ்வளவு என்ற கணக்கில், ஒரு நாள் முழுக்க உழைத்தும் குறைந்தபட்ச ஊதியத்தைத் தொடாதவர்கள் இருந்தார்கள். 2022 ஏப்ரல் 28 முதல்தான், கூடைக் கணக்கில் வேலை செய்தாலும் மணிக்கு இவ்வளவு கட்டாயம் என்ற தளம் தோட்டக்கலைத் துறைக்கு வந்தது.

வரியிலும் இதே கதை. 2017 முதல் இவர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15% வரி. உள்ளூர்க்காரருக்கு இருக்கிற வரி விலக்கு வரம்பு இவர்களுக்கு இல்லை. சிட்னியில் பரிமாறும் வேலை பார்த்த ஒரு பிரிட்டிஷ் பெண் வழக்குப் போட்டார். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி, அவரிடம் உள்ளூர்க்காரரைவிட அதிக வரி வாங்கக் கூடாது என்று 2021 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவனிங்க, அவரைக் காப்பாற்றியது அவர் நாடு போட்டிருந்த ஒப்பந்தம்.

2024 ஜூலை 1 முதல் பிரிட்டிஷ்காரர்களுக்கு 88 நாள் கட்டாயமே நீங்கிவிட்டது. பண்ணைப் பக்கமே போகாமல் மூன்று வருஷம் இருக்கலாம். காரணம்? மறுபடியும் ஒப்பந்தம்தான், பிரிட்டன் - ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம்.

நம்ம 1,000

இந்தியர்களுக்கான 1,000 இடமும் அப்படி வந்ததுதான். 2022 டிசம்பர் 29இல் அமலுக்கு வந்த இந்திய - ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தில் அது ஒரு பகுதி. ஆஸ்திரேலிய ஆட்டிறைச்சிக்கு இந்தியா போட்டிருந்த 30% வரி நீங்கியதும் அதே ஒப்பந்தத்தில்தான்.

கொடுத்த வாசலை மூடவும் முடியும் என்பதற்கு பிரிட்டனே உதாரணம். அங்கே காமன்வெல்த் இளைஞர்களுக்கு ஒரு வொர்க்கிங் ஹாலிடே திட்டம் இருந்தது. இந்தியர்களும் போகலாம். 2003இல் விதிகளைத் தளர்த்தி வயது வரம்பை 30 ஆக்கினார்கள். 2005இல் மறுபடி இறுக்கினார்கள். 2008 நவம்பரில் அதை மூடிவிட்டுப் புதுத் திட்டம் கொண்டுவந்தபோது உள்ளே இருந்தவை நான்கு நாடுகள்: ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, ஜப்பான். இந்தியாவுக்கு அந்த வாசல் வேறொரு பெயரில் திறக்க 2023 ஆனது. அதுவும் 3,000 இடம், பட்டப்படிப்பு, வங்கியில் 2,530 பவுண்டு, அதோட குலுக்கல்.

இப்போ ஒரு குடும்பத்தைக் கற்பனை பண்ணுங்க. ஒரே கொள்ளுப்பாட்டியின் வழியில் வந்த நாலு பேர், எல்லாருக்கும் 28 வயது, எல்லாரும் பட்டதாரிகள், வீட்டில் எல்லாரும் தமிழ்தான் பேசுகிறார்கள். ஒருத்தி டொராண்டோவில் கனடா பாஸ்போர்ட்டோடு இருக்கிறாள். அவளுக்கு 417, வரம்பு இல்லை. கோலாலம்பூர்க்காரனுக்கு 462, குலுக்கல் இல்லை, ஆனால் ஆண்டு வரம்பு உண்டு. சென்னைக்காரிக்குக் குலுக்கல். யாழ்ப்பாணத்தில் இருக்கிறவனுக்கு விண்ணப்பப் படிவமே இல்லை, ஏன்னா பட்டியலில் இலங்கை கிடையாது. நாலு பேரோட திறமையும் ஒண்ணுதான். வேற வேறயா இருக்கறது அவங்க தாத்தா பாட்டி எந்தக் கப்பல்ல ஏறினாங்க, எந்த விமானத்துல தப்பிச்சாங்க, இல்ல எங்கயுமே போகலங்கறது மட்டும்தான்.

அப்படின்னா விண்ணப்பிக்க வேண்டாமா? தாராளமா விண்ணப்பிங்க. 18லிருந்து 30 வயசுக்குள்ள இருந்து, பள்ளிக்கு அப்புறம் 2 வருஷமாவது படிச்சு, ஓரளவு ஆங்கிலமும் கையில சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலரும் இருந்தா, 25 டாலர் ஒரு நியாயமான பந்தயம். முதல் விசாவுக்குத்தான் குலுக்கல்ங்கறதையும் ஞாபகம் வெச்சுக்குங்க. ஆனா இந்த வரலாறு தெரிஞ்சவங்களா போங்க.

குலுக்கல்ல உங்க பேரை மேல கொண்டு வர்றேன்னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துடுங்க. கணினிக்கு சிபாரிசு கிடையாது. அங்கே போன பிறகு சம்பளச் சீட்டு ஒவ்வொண்ணையும் பத்திரமா வைங்க. குறைந்தபட்ச ஊதியம் உங்க விசாவுக்கும் பொருந்தும். அடுத்த விசாவைக் காட்டிப் பயமுறுத்தி யாராவது கம்மியா கொடுத்தா, அது உங்களோட கெட்ட நேரம் இல்ல. 120 வருஷமா நடந்துட்டு வர்ற பழைய பேரம் அது.

பேர் வரலைன்னா, அதை உங்க தகுதிக்குக் கிடைச்ச மார்க்கா எடுத்துக்காதீங்க. 1934ல எகான் கிஷ்ஷுக்கு வெச்ச தேர்வும் அவரோட மொழி அறிவைச் சோதிக்க வெச்சது இல்ல. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.