கொடுமுடிச் சுந்தராம்பாளம்மையார்

கொங்குநாட்டுத் திருத்தலம் ஏழனுள் ஒன்றாகிய திருப்பாண்டிக்கொடுமுடி காவிரிக்கரையில் உள்ளது. மூவர் முதலிகளும் பாடிய அத்தலத்திலேயே சுந்தரமூர்த்தி சுவாமிகள் நமச்சிவாயத் திருப்பதிகம் அருளிச்செய்தனர். அவ்வூரில் 1908-ஆம் ஆண்டில் வறியதொரு குடியிற் பிறந்தவர் சுந்தராம்பாளம்மையார். மடத்துக் கல்வியிற் பழகிய எம்மனோர் நாடகப் பாட்டைத் தாழ்வாகக் கருதுவதுண்டு. அவர் சரிதம் ஈண்டு எற்றுக்கெனச் சிலர் வினவவுங் கூடும். திருநாளைப்போவாரையும் காரைக்காலம்மையாரையும் திரையில் நடித்துப் பாடிய குரல் அவருடையதாகலின், அது நமக்குப் புறம்பன்று.

அந்நாளில் நாடகம் பெரிதும் பாலர்களை நம்பியே நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை அவ்வகையினது. ஒலிபெருக்கி இல்லாமையின், கொட்டகையின் கடைக்கோடியில் இருப்பார்க்கும் எட்டுமாறு உச்சச் சுருதியிற் பாடவேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு வயது ஏற மகரக்கட்டு உடையும். உடைந்தபின், முன்னாள் ஊரே போற்றிய சிறுவன் சபையிற் கேட்பாரற்றுப் போதலுமுண்டு. பெண்மகளுக்கு அவ்விடர் இல்லை. ஆயினும் ஊரார் பழிச்சொல் உண்டு. இளமை கழிந்தபின் வேடமும் இல்லை.

சுந்தராம்பாள் சிறுமியாகவே வேலு நாயர் கம்பெனியிற் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்திற் பசியால் அழும் பிள்ளையாகப் பாடிப் புகழ்பெற்றார். பின்னர் இலங்கை மேடைகளில், தாமும் பாலநடிகராயிருந்து வளர்ந்த செங்கோட்டைக் கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். 1927-இல் அவரையே மணந்தார். இருவரும் எதிரெதிர் நின்று பாடும் பாட்டுக்கெனவே மக்கள் திரண்டனர். 1933 டிசம்பரில் கிட்டப்பா இருபத்தேழாம் வயதில் இறந்தார்.

அம்மையாருக்கு அப்போது வயது இருபத்தைந்து. வெண்ணிற ஆடை பூண்டு, இனி எவ்வாடவருடனும் சோடியாக நடிப்பதில்லை என உறுதி கொண்டார். இணைப்பாட்டையே முதலாகக் கொண்டிருந்த ஒருவர் அதனைத் தாமே துறந்தால் எஞ்சுவது யாது? குரலொன்றே. அதனைக்கொண்டு கச்சேரி மேடையில் தனித்து நின்று பாடத் தொடங்கினார்.

1935-இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு ஓரிலக்க ரூபாய் பெற்றமை அக்காலத்துப் பெருவியப்பு. வேதியராக வந்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர். அவ்வேதியர் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையிற் புகுந்தவரேயன்றிச் சேக்கிழார் பெருமான் வாக்கில் இல்லாதவர். படம் பார்த்தோர் பலர் அவரைப் புராணத்தவர் என்றே கொண்டுவிட்டனர். ஒரு பெண் அடியவர் வேடம் பூணலாமோ எனில், பூணலாம் என்பதே எம் கருத்து. பக்தி ஆண் பெண் நோக்குவதன்று.

பின்னர் ஏற்ற வேடங்களும் அவர் உறுதிக்கு இயைந்தனவே: 1940-இல் மணிமேகலை, 1953-இல் ஔவையார், 1964-இல் பூம்புகார் படத்திற் கவுந்தியடிகள். துறவியும் மூதாட்டியும் ஆதலின், ஏனைய நடிகையர்க்கு வாழ்வை முடிக்கும் முதுமை இவருக்கு உரமாயிற்று. அறுபது கடந்தபின், துணைவன் படப்பாட்டிற்காக, 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது கிடைத்தது. 1970-இல் பத்மஸ்ரீ பட்டமும் வந்தது.

1973-இல் வந்த காரைக்கால் அம்மையார் படத்தில் இளம் புனிதவதியாராக நடித்தவர் லட்சுமி. முதிர்ந்த காரைக்காலம்மையாராக நின்று பாடியவர், அன்று அறுபத்தைந்து வயதினரான கொடுமுடி அம்மையார். 1980-இல் அவர் மறைந்தார்.